தண்ணி குடிக்குத எஞ்சின்

ஏலே, உன் கடுதாசி திங்கக்கிழமை மத்தியானம் வந்துச்சு. சுகம் விசாரிக்கது, மழை விசாரிக்கது எல்லாத்தையும் பொறவு வச்சுக்கிடுவோம். மொதல்ல ஒண்ணு சொல்லுதேன், அதை மட்டும் பிடிச்சுக்கோ. அந்த வண்டியில மருமகள ஏத்திக்கிட்டு மலை தாண்டி வராத. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், எந்தக் கிழமையும் வேண்டாம். சொல்லிட்டேன். இனிமே ஏன்னு சொல்லணும். எனக்கு எதையும் நேராச் சொல்ல வராது, அது உனக்கே தெரியும். பள்ளிக்கூட வாசல மிதிக்காதவன் நான். பஸ்ஸுல மாட்டுன போர்டப் பாத்துப் பாத்துதான் எழுத்துக் கூட்டுனேன். தென்காசி ஒரு நாள்ல வந்துருச்சு, செங்கோட்டைக்கு ரெண்டு நாளாச்சு, உன் மாமியா ஊரு வீரகேரளம்புதூர் போர்டப் படிக்க ஒரு மழைக்காலமே ஆச்சு. அதனால என் எழுத்தும் அந்த பஸ்ஸு மாதிரி கண்ட கண்ட இடத்துல நின்னுதான் போகும். நீ இறங்கி ஓடிராம கடைசி வரைக்கும் உக்காந்து வா.

நீ எழுதினத நாலு தடவை படிச்சேன். கொல்லத்துல உன் டாக்சிக்கு எஞ்சின் பிளாக்குல கீறல் விழுந்துருச்சு. அங்கன உள்ள மேஸ்திரி கீறலத் தச்சுரலாம்னுருக்கான், இல்லேன்னா வேற எஞ்சின் மாத்தணும்னுருக்கான். நீ தைக்கச் சொல்லி, தச்சும் முடிச்சு, ரெண்டு வாரமா ஓட்டிக்கிட்டும் இருக்க. மருமகளுக்கு ஒம்பதாம் மாசம், பிரசவத்துக்கு அவ ஆத்தா வீட்டுல கொண்டு விடணும். ரயில்ல வந்தா ஆரியங்காவு குகைக்குள்ள கரிப்புகை அடைச்சு அவ வாந்தி எடுத்தே செத்துருவா, அதனால நம்ம வண்டியிலயே விடியக்காலம் கெளம்பி வாரோம்னு எழுதிருக்க. அதுக்குக் கீழ ஒரு கேலி எழுதிருக்க பாரு. "வண்டிக்கும் மசக்கை போலப்பா. காலைல எந்திரிச்சதும் ரெண்டு செம்பு தண்ணி கேக்குது. வெள்ளை வெள்ளையா மூச்சு விடுது." அதுக்கும் கீழ இன்னொண்ணு. "நீங்க ஒட்டுப் போட்ட எஞ்சின் ஒரு வருசம் ஓடலையா? மாமா மட்டும் தூங்காம இருந்தா இன்னும் ஓடிருக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பேனாவ எடுத்தேன். உங்க மாமா தூங்கல.

நான் சொல்லுதது செங்கோட்டை மலையாள ராஜ்ஜியத்துல இருந்து பிரிஞ்சு நம்ம பக்கம் வந்து சேந்ததுக்கு அடுத்த குத்தால சீசன். உனக்கு அப்ப பல்லு விழுந்து முளைக்கிற வயசு. நானும் உங்க மாமா சுடலைமுத்தும் ஒரே வண்டிய மாத்தி மாத்தி ஓட்டுவோம். உங்க அம்மைக்கு அவன் ஒரே தம்பி, எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. தென்காசி ஸ்டேஷன்ல ஆள ஏத்தி குத்தாலத்துல இறக்குவோம், குத்தாலத்துல ஏத்தி செங்கோட்டைல விடுவோம், மலையாளத்துக்காரங்க வந்தா மலை ஏறி புனலூர் வரைக்கும் போவோம். அந்த வருசம் சாரல்னா சாரல், வைகாசி கடைசில பிடிச்சது ஆவணி வரைக்கும் விடல. அருவிக்கரையில எண்ணெய் தேச்சு விடுதவங்க வரிசையா உக்காந்துருப்பாங்க. மதராஸ்ல இருந்து வந்த ஒரு பெரிய மனுசன் தேச்சுக்கிட்டே உறங்கிப்போயி, எந்திரிச்சுப் பாத்தா வேட்டியக் குரங்கு கொண்டு போயிருச்சு. என் வண்டியில முன் சீட்டுத் துணியக் கிழிச்சு இடுப்புல சுத்திக்கிட்டுத்தான் லாட்ஜுக்குப் போனாரு. சவத்த விடு, அந்தக் கதை இப்ப எதுக்கு.

அருவித் தண்ணி மேல எனக்குள்ள கிறுக்கு உனக்குத் தெரியும். பித்தம் பிடிச்சவனக் கொண்டு வந்து அருவிக்கடியில நிப்பாட்டுனா தெளிஞ்சிரும்னு சனம் எங்கெங்க இருந்தோ வருது. சீசன் மொத நாளு டிரைவர்மாரு எல்லாரும் வண்டிய அருவிக்கரையில நிப்பாட்டி, குடத்துல பிடிச்சு ஊத்திக் குளிப்பாட்டி, சந்தனம் வச்சு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் ஏத்துவோம். அது எல்லாரும் பண்ணுதது. நான் ஒரு படி மேல போயி, ரேடியேட்டர்ல அருவித் தண்ணி தவிர வேற தண்ணி ஊத்த மாட்டேன். ஒரு நா மலையில இருந்து ஏழு பேர ஏத்திக்கிட்டு வந்து குத்தாலத்துல இறக்கும்போது மூடி வழியா ஆவி சீறுது. ஆற விடணும். ஆனா அடுத்த சவாரி ஏறி உக்காந்துட்டாங்க. நான் பானட்டத் தூக்கி ரெண்டு வாளி அருவித் தண்ணிய எஞ்சின் தலையோட ஊத்திட்டேன். உங்க மாமா பொறத்தால இருந்து கத்துதான், "அத்தான், ஆறட்டும்! ஆறட்டும் அத்தான்!" நான் சிரிச்சேன். "ஏ மூதி, மனுசனுக்கே பித்தம் தெளியுது, இரும்புக்குத் தெளியாதா?" அப்ப உள்ளுக்குள்ள டிக்னு ஒரு சத்தம், சுண்டுவிரல் நெட்டி முறிச்சாப்ல. சாரல் சத்தத்துல அத எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் கேக்கல. சுடலைமுத்து என்னப் பாத்தான். நான் அவனப் பாக்கல.

தென்காசியில அப்ப மேஸ்திரின்னா அருளப்பன்தான். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து அதே வெள்ளை வேட்டியோட வண்டிக்கடியில படுப்பாரு, அவரு சம்சாரம் தெருவுல நின்னு வையும். அவரு எஞ்சின் மேல மண்ணெண்ணெயத் தடவித் துடைச்சாரு, பொறவு பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டிப் பொடியத் தூவினாரு. கொஞ்ச நேரத்துல பொடிக்கு நடுவுல ஈரமா ஒரு கோடு ஊறி வந்துச்சு, வெள்ளைச் சுவத்துல எறும்பு போறாப்ல. "அண்ணாச்சி, வெளிய தெரியுதது ஒரு விரல் நீளம். உள்ளுக்குள்ள எம்புட்டுத் தூரம் போயிருக்குன்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்." என்ன செய்யலாம்னு கேட்டேன். "கீறல் நெடுக ஓட்டை போட்டு, செம்புத் திருகாணி நெருக்கமா இறக்கி, தட்டித் தச்சுத் தாரேன். தென்காசி குத்தாலம்னு சமதரையில ஓட்டும். மலைப் பக்கம் கொண்டு போனீரு, பொறவு என் பட்டறை வாசல மிதிக்காதீரும். மலை ஏறணும்னா வேற எஞ்சினப் போடும்."

வேற எஞ்சினுக்கும் அவரே வழி சொன்னாரு. அந்தச் சித்திரையில நம்ம வண்டி மாதிரியே ஒரு வண்டி மலையில உருண்டு, உள்ள இருந்த ஒரு குடும்பமே போச்சு. வண்டி தகரமாப் போச்சு, எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல. செங்கோட்டை கொட்டகை ஒண்ணுல கிடக்குன்னாரு. நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்க அம்மை சோத்துக் கரண்டியக் கீழ வச்சுட்டா. "செத்த சனத்தோட எஞ்சின என் தம்பி ஓட்டணுமா? அது ராத்திரி பகல்னு அவுகளத்தான் தேடும். அத இந்த வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுனா நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கண்ணு போற வழியில போயிருவேன்." சுடலைமுத்து சொல்லுதான், "அக்கா, எஞ்சினுக்கு என்னக்கா தெரியும் யாரு செத்தாங்கன்னு? ஓடுத எஞ்சின் ஓடும், ஓடாதது ஓடாது." அவ கேக்கல. எனக்கும் உள்ளூர பயம்தான்லே, பழிய அவ மேல போட்டுக்கிட்டேன், அம்புட்டுத்தான். நம்ம எஞ்சின் நம்ம எஞ்சின்தான், தச்சே ஓட்டுவோம்னு முடிவு பண்ணுனோம். அந்தச் செத்தவங்க எஞ்சின சிவகிரிக்காரர் ஒருத்தர் வாங்கி மாட்டுனாரு. இந்த வருசச் சீசனுக்கும் அந்த வண்டி வந்துச்சு. ஸ்டேஷன் வாசல்ல நின்னு பாத்தேன், பிள்ளை குட்டியோட கலகலன்னு இறங்குதாங்க.

தச்ச எஞ்சின் நல்லாத்தான் ஓடுச்சு, அத மறைக்கல. ஆனா எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரிஞ்ச மனுசன் கேட்டா இல்லைன்னு சொல்ல நாக்கு எழாது. மொதல்ல செங்கோட்டை வரைக்கும்னு போனேன். பொறவு புளியரை வரைக்கும், அது அடிவாரந்தான, மலை இல்லையேன்னேன். பொறவு ஒரு கல்யாணச் சவாரிக்காக ஆரியங்காவு போயிட்டு வந்தேன். ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலைங்கதுதான்லே மனுசனக் கெடுக்கது. அருளப்பன் சொன்னது சும்மா பயங்காட்டுததுன்னு ஆயிப்போச்சு. அதுக்குப் பொறவுதான் வண்டி தண்ணி கேக்க ஆரம்பிச்சுது. காலைல ஒரு செம்பு. அடுத்த மாசம் ரெண்டு செம்பு. கீழ ஒரு சொட்டு ஒழுகல, ஆனா ஊத்துன தண்ணியக் காணோம். அது எங்க போகுதுன்னு நான் யோசிக்கல, யோசிக்கப் பிடிக்கல. பின்னால வெள்ளைப்புகை வந்துச்சு, சவாரிக்காரங்க கேட்டா சாரல் குளிருக்கு அப்படித்தான் விடும்னேன். நீ கேலியா எழுதுனத நான் அன்னைக்கு நெசம்னு நம்பிச் சொன்னேன்.

அந்த நாள் காலைல புனலூர்ல இருந்து ஒரு பார்ட்டியக் கூட்டிட்டு வரணும். வண்டி காலியாப் போகணும். சுடலைமுத்து எஞ்சின்ல எண்ணெய் அளவு பாக்குத கம்பிய உருவிப் பாத்துட்டு என்கிட்ட வந்தான். விரல நீட்டுதான். விரல்ல இருக்கது எண்ணெய் மாதிரி இல்ல, பால் ஊத்தின காப்பி மாதிரி கொழகொழன்னு இருக்கு. "அத்தான், குடிச்ச தண்ணி எல்லாம் இங்கன இருக்கு பாத்தீகளா. மலைக்கு வேண்டாம் அத்தான். வேற வண்டி பிடிச்சு அனுப்பிருவோம்." நான் வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தேன். அந்தப் பார்ட்டிக்காகச் சவாரி பேச வந்தவரு அங்கனயே நிக்காரு, அவரு முன்னால எனக்கு அவமானமாப் போச்சு. "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குலே லைசென்சு? உன் பொண்டாட்டி பேச்சிகிட்ட சேலைய வாங்கிக் கட்டிக்கோ. நான் ஓட்டிக்கிடுதேன்"ன்னேன். அவரு சிரிச்சாரு. சுடலைமுத்து சிரிக்கல. விரல வேட்டியில துடைச்சுட்டு டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தான். மேட்டுத் தெரு திரும்பும்போது வெள்ளைப்புகை ரோட்டுல அப்படியே நின்னுச்சு, காத்தே இல்லாத நாளு. அது கலையுதவரைக்கும் நான் பாத்துக்கிட்டு நின்னேன். கூப்பிட்டிருக்கலாம். கை தட்டுனாக் கேக்குத தூரம்தான்.

புளியரை தாண்டி ரெண்டாவது வளைவுல எஞ்சின் சுத்தாம இறுகிப்போச்சு. மேடு, ஈர ரோடு. வண்டி பின்னால உருண்டுருக்கு. பிரேக்கு பிடிச்ச தடம் ரோட்டுல நீளமா இருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன். தூங்குதவன் பிரேக்கு பிடிப்பானாலே? கீழ பள்ளத்துல தேக்கு மரத்துல முட்டிக் கிடந்துச்சு வண்டி. அவன் உடம்ப எடுத்து மேல படுக்க வச்சுருந்தாங்க. அருளப்பனும் நானும்தான் கீழ இறங்குனோம். அவரு எண்ணெய்த் தொட்டித் திருகாணியக் கழட்டுனாரு. மொதல்ல தண்ணி வந்துச்சு. பொறவு அந்தக் காப்பி வந்துச்சு. அவரு தச்ச செம்பு வரிசைக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு கீறல், என் உள்ளங்கை நீளத்துக்கு. அவரு எந்திரிச்சு நின்னாரு. "மேல போலீஸ் வந்துருக்கு. நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?" நான் அவரு கையப் பிடிச்சுக்கிட்டேன். "மேஸ்திரி, உங்க தையலும்தான இதுல இருக்கு"ன்னேன். அத விடக் கேவலமா ஒரு வார்த்தை என் வாயில இருந்து இன்னைக்கு வரைக்கும் வந்ததில்ல. அவரு கைய உருவிக்கிட்டாரு. மேல ஏறி, போலீஸத் தாண்டி நடந்து போயிட்டாரு. பொறவு அவரு என் மூஞ்சியில முழிக்கல, பட்டறையத் தூக்கிக்கிட்டு கோயில்பட்டிக்குப் போயிட்டதாக் கேள்வி. நான் போலீஸ்காரர்கிட்ட சொன்னேன், "ராத்திரி முழுக்க சவாரி ஓட்டுனவன் ஐயா, கண் அசந்துட்டான் போலருக்கு." அவரு எழுதிக்கிட்டாரு. எழுதுனது நெசமாயிப்போச்சு.

உங்க அம்மை அத நம்பிக்கிட்டேதான் கண்ண மூடுனா. "பாவி, தூங்கிட்டானே, தூங்கிட்டானே"ன்னு அழுவா, நான் பக்கத்துல உக்காந்து முதுகத் தடவி விடுவேன். உங்க அத்தை பேச்சியம்மா இன்னைக்கும் நம்ம அடுத்த வீடுதான், உனக்குத் தெரியாததா. ஒரு நா தெருக்குழாயில வரிசைத் தகராறு. ஒருத்தி கேக்கா, "வண்டியில தூங்குனவன் பொண்டாட்டி, வரிசையிலயும் தூங்குதியாட்டீ?" எல்லாரும் சிரிச்சாங்க. அத்தை குடத்தை வச்சுட்டு நின்னா. எதுத்த கடையில நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். குடிச்சு முடிச்சேன்லே. கிளாசக் கழுவிக் கூட வச்சேன்.

இப்ப எஞ்சின் விஷயத்துக்கு வாரேன். நீ கேட்டது அதான. ரிப்பேர் பண்ணுததே தப்புன்னு நான் சொல்லல. பிஸ்டன் ரிங்கு போனா மாத்து, வால்வு போனா தேச்சு விடு, கேஸ்கெட்டு போனா வேற போடு. அதெல்லாம் கழட்டி மாட்டுத சாமான். பிளாக்குங்கது அந்தச் சாமான் எல்லாத்துக்கும் வீடு. வீட்டுச் சுவரு உள்ளுக்குள்ள விரிஞ்சு, தண்ணி எண்ணெயோட கலந்துட்டுதுன்னா அதுக்குத் தையல் நிக்காது. நாளைக்குக் காலைல எண்ணெய்க் கம்பிய உருவிப் பாரு. கறுப்பா இருந்தா சந்தோசம், அப்பவும் மலைக்கு எடுக்காத. காப்பி மாதிரி இருந்தா சாவியத் திருக்கவே திருக்காத, பட்டறைக்குக் கூடக் கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டுப் போ. வேற எஞ்சின் போடு. செத்தவன் எஞ்சின் கிடைச்சாலும் போடு. மருமகள ரயில்ல கூட்டிட்டு வா. குகை வரும்போது ஜன்னல இறக்கி, ஈரத்துணிய மூக்குல வச்சுக்கிடச் சொல்லு. வாந்திதான, எடுத்தா எடுத்துட்டுப் போறா.

தந்தி அடிக்கலாம்னு செவ்வாக்கிழமை தபாலாபீசு வரைக்கும் போனேன். கவுண்டர்ல நின்னு யோசிச்சேன். நம்ம வீடுகள்ல தந்தின்னா ஒரே ஒரு அர்த்தம்தான. தந்தி வந்துருக்குன்னு கேட்டதும் நீ அதப் பிரிச்சுக் கூடப் பாக்க மாட்ட, அப்பன் போயிட்டான்னு மருமகள அள்ளிப் போட்டுக்கிட்டு அதே வண்டியில மலை ஏறிருவ. திரும்பி வந்துட்டேன். இந்தக் கடுதாசியத் தபால்ல போட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேருமா? மூணு நாளா உக்காந்து எழுதுதேன், அது வேற.

இன்னைக்குப் புதன்கிழமை. காலைல அத்தை வீட்டுக்குப் போனேன். நீ தெரிஞ்சுக்கிடுததுக்கு முன்னால அவ தெரிஞ்சுக்கிடணும்னு தோணிச்சு. இதுவரைக்கும் எழுதுனத அவளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். அவ அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. உங்க மாமா விரல நீட்டுன இடம் வரும்போது சொளகு நின்னுபோச்சு. முடிச்சதும் கேட்டா, "அவுக வேண்டாம்னு சொன்னாகளா?" சொன்னான்னேன். "என்ன வார்த்தை சொன்னாக? அப்படியே சொல்லுங்க அண்ணாச்சி." சொன்னேன். "இன்னொரு தடவை." மறுபடியும் சொன்னேன். மூணாவது தடவையும் கேட்டா. என்னைய வையுவா, மூஞ்சியில துப்புவான்னு காத்துக்கிட்டு நின்னேன். அவ சொளகுல இருந்த அரிசியப் பானையில தட்டிட்டு எந்திரிச்சா. "வெள்ளிக்கிழமையா பய கெளம்புதான்? நாளைக் காலைல செங்கோட்டையில இருந்து ரயிலு இருக்குல்லா." நான் போறேன் பேச்சின்னேன். "நீங்க போவீக, போயி அருவியில ஆரம்பிப்பீக, குரங்கு வேட்டியத் தூக்குன கதையச் சொல்லுவீக, அவனுக்குக் கெளம்புத நேரம் வந்துரும். அவன் மூஞ்சியப் பாத்ததும் உங்களுக்கு வேற கதை வந்தாலும் வரும். நான் போறேன். எம்புருசன் என்ன சொன்னாகன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

உங்க மாமாவ எடுத்த நாள்ல இருந்து அவ அந்த மலைப் பக்கம் தலை வச்சுப் படுத்ததில்ல. இப்ப வாசல்ல நிக்கா, கையில ஒரு துணிப்பை. ராத்திரி செங்கோட்டையில சொந்தக்காரங்க வீட்டுல தங்கி விடியக்காலம் ரயில் ஏறுதா. எனக்கு ஒரே ஒரு பயம் பாக்கி இருக்கு. நீ அவசரக்காரன், ஒரு நா முன்னாலயே கெளம்பிட்டீன்னா? மலையில ரயிலும் ரோடும் கொஞ்ச தூரம் பக்கத்து பக்கத்துல போகும். உன் வண்டி நிறத்தச் சொல்லி, ஜன்னல் ஓரத்துல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே போன்னேன். அவ தலைய ஆட்டுனா. கடுதாசிக்குக் கைய நீட்டுதா, எழுதுனது போதும்ங்கா. பய கையில மொத வேலையா இதக் குடுத்துரு தாயின்னேன். "மொதல்ல அவன்கிட்ட வண்டிச் சாவிய வாங்குவேன், பொறவுதான் கடுதாசி"ங்கா.